‘ரைமிங்’ எங்கும் போகவில்லை

2002ஆம் ஆண்டு மாசி மாதம் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர், வன்னியின் பல இடங்களிலும் சிதறியிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தம் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஆவணியில் முரசுமோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்று சொல்ல இரண்டு சுவர்களும் அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய படங்கும்தான் இருந்தன. முற்றத்தில் சிவப்பு மங்கிப்போன ஒரு மெசி பேர்குசன் 35 உழவு இயந்திரம் நின்றது. பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவர் அதைச் சுற்றி நடந்து, ரயரைக் காலால் தட்டி, எடையை மனத்துக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இயந்திரம் 1996 ஆடியில் அவர்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. பெட்டியில் நெல் மூடைகளும் கதவு நிலைகளும் ஆட்டுக்குட்டிகளும் அயலிலிருந்த இரண்டு குடும்பங்களும் ஏற, மல்லாவிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே சில போகங்கள் உழுதது. பிறகு டீசலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. 1998இல் ஒரு மரத்தின் கீழ் நிறுத்தினார்கள். துருப்பிடித்துப் போகக்கூடாது என்று வீட்டுக்காரர் டீசல் பம்பையும் நொசில்களையும் கழற்றி, எண்ணெய்ச் சீலையில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டித் தாம் படுக்கும் இடத்திலேயே வைத்திருந்தார். நான்கு ஆண்டுகளின் பின் இன்னொருவரின் இயந்திரத்தில் கயிறு பூட்டி ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஊரில் புதிதாகக் கராஜ் போட்டிருந்த ஓர் இளைஞர் பம்பைப் பூட்டினார். முன்பக்கத்தால் ஒயில் ஒழுகியது என்று பல்சக்கர மூடியைக் கழற்றி ‘சீல்’ மாற்றியும் கொடுத்தார். நான்கு நாள் வேலை. இயந்திரம் இயங்கவில்லை. ஸ்ராற்றரைப் போட்டால் வெள்ளைப் புகை வரும், ஒருமுறை இருமும், நின்றுவிடும். கடைசியில் அவர் சொன்னார்: “அண்ணை, ரைமிங் போட்டுது. இனி உது சரிவராது.”

காலபோகத்துக்கு இன்னும் இரண்டு மாதமே இருந்தது. வாடகைக்கு உழுவித்தால் விதைநெல்லுக்கு வைத்திருந்த பணம் உழவோடு போய்விடும். இரும்பு விலைக்கு விற்றால் அந்த ஒரு போகத்தை ஒப்பேற்றலாம். அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? வீட்டுக்கார அம்மா வியாபாரியிடம், “ரெண்டு நாள் பொறுங்கோ. தாலிக்கொடியை அடைவு வைச்சு வாங்கின மெசின் இது” என்றார். அந்த இரண்டு நாளுக்குள் பரந்தனிலிருந்து ஒரு வயோதிபரை அழைத்து வந்தோம். அறுபதுகளிலிருந்து இப்படியான இயந்திரங்களைத் திருத்தியவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “ரைமிங் எங்கை போறது, தம்பி? கோடு இரும்பிலை வெட்டியிருக்கு. இரும்பு இங்கைதானே நிக்குது.”

அந்த இரண்டு நாளும் நான் அருகிலிருந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலருடைய முற்றத்திலும் இப்படியொரு இயந்திரம் நிற்கக்கூடும். அதை இரும்புக்குக் கொடுங்கள் என்று சொல்பவரும் பக்கத்தில் நிற்கக்கூடும்.

ரைமிங் என்பது என்ன?

மெசி பேர்குசன் 35 இங்கிலாந்தின் கொவென்ற்றி நகரில் செய்யப்பட்டது. தொடக்கத்தில் அதன் டீசல் வகைக்கு ஸ்ராண்டேர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. 1959ஆம் ஆண்டில் மெசி பேர்குசன் நிறுவனம் பேர்கின்ஸ் எஞ்சின் நிறுவனத்தை வாங்கியது. அதையொட்டி மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் இந்த இயந்திரத்துக்கு வந்தது. ‘த்ரீ சிலிண்டர் 35’ என்று எமது கமக்காரர் சொல்வது இதைத்தான். 1964ஆம் ஆண்டின் இறுதியில் இதன் இடத்தைப் பிடித்த 135இலும் அதே குடும்பத்து எஞ்சின்தான். எனவே இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. பிஸ்ரன் மேலே வரும்போது காற்று நெருங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நொசில் வழியே டீசல் பீச்சப்படுகிறது. அது பற்றி எரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. டீசல் வந்து சேர்ந்து, சூடாகி, பற்றிக்கொள்ளச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்ரன் உச்சத்துக்கு வருவதற்குச் சற்று முன்னரே பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்க வேண்டும். அந்தச் ‘சற்று முன்’ எவ்வளவு என்பதுதான் ரைமிங்.

அது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்குப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றினால் செக்கனுக்கு 25 சுற்று. ஒரு சுற்றில் 360 பாகை. 18 பாகை என்பது சுற்றில் இருபதில் ஒரு பங்கு. அதாவது செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கு. இந்த நேரத்தைக் கண்ணாலோ காதாலோ பிடிக்க முடியாது. அதனால்தான் தொழிற்சாலையில் எஞ்சினைப் பூட்டியவர்கள் அதைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இரும்பிலேயே வெட்டி வைத்தார்கள்.

டீசல் மிக முந்தி வந்தால் எஞ்சின் சம்மட்டியால் அடிப்பதுபோல் தட்டும். பிஸ்ரனுக்கும் பெயாரிங்குக்கும் கேடு. பிந்தி வந்தால் வெள்ளைப் புகை, இழுவை இல்லை, குளிரில் ஸ்ராட் எடுக்காது, புகைக்குழாய் மிதமிஞ்சிச் சூடாகும்.

குற்றம் உண்மையில் ரைமிங்கிலா?

வயோதிபர் முதலில் பம்பைத் தொடவே இல்லை. “ஆர் ஆர் எதை எதைக் கழட்டினது?” என்றுதான் கேட்டார். இது மிக முக்கியமான கேள்வி. ஒருவரும் கை வைக்காத எஞ்சினில் ரைமிங் தானாக மாறுவது அரிது. பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்தாலோ, பல்சக்கரம் மிகத் தேய்ந்தாலோதான் மாறும். நன்றாக ஓடிக்கொண்டிருந்து, நிறுத்தி, இரண்டு மூன்று ஆண்டின் பின் ஸ்ராட் எடுக்காத இயந்திரத்தில் குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: டீசல் குழாயில் காற்று, அடைத்த பில்ற்றர், பழைய டீசல் பிசினாகிப் பம்புக்குள்ளே இறுகிய பாகங்கள், இருக்கையில் சரியாக மூடாத வால்வு. இவற்றைப் பாராமல் ரைமிங்கில் கை வைப்பவர் ஒரு குற்றத்தை இரண்டாக்குகிறார்.

இங்கோ பம்பும் கழன்றிருந்தது, முன் மூடியும் கழன்றிருந்தது. எனவே சந்தேகத்துக்கு இடமிருந்தது.

நீண்டகாலம் நின்ற எஞ்சினை முதலில் ஸ்ராற்றரால் சுற்றக்கூடாது. பற்றறியைக் கழற்றிவிடுங்கள். நொசில்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் சிறிது ஒயில் விட்டு ஓரிரவு விடுங்கள். பின்னர் முன் கப்பியின் நடுவிலுள்ள நட்டில் ஸ்பானரைப் போட்டு, கையால், மெதுவாக, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். முன்னால் நின்று பார்த்தால் அது மணிக்கூட்டு முள் சுற்றும் திசை. எங்காவது இரும்போடு இரும்பு மோதுவதுபோல் தடைப்பட்டால் அதற்குமேல் தள்ளாதீர்கள். வால்வு பிஸ்ரனில் முட்டுகிறது என்று பொருள்.

வெளியே தெரியும் கோடு

மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு வந்து பம்ப் பூட்டியிருக்கும் இடத்தைக் கழுவச் சொன்னார். அரை மணித்தியாலம் கழுவினோம். நாற்பதாண்டு எண்ணெய்ப் பிசினுக்கும் மூன்று தடவை பூசிய பெயின்றுக்கும் அடியில், பம்பின் விளிம்பில் நேரான ஒரு கீறல் தெரிந்தது. அதற்கு எதிரே எஞ்சினின் மூடியிலும் ஒரு கீறல். இரண்டும் ஒரே கோடாக நிற்க வேண்டும்.

ஆனால் அங்கே எஞ்சின் பக்கம் இரண்டு கீறல்கள் இருந்தன. எதை நம்புவது? அவர் ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். ஒன்று தலைமயிர்போல மெல்லியது. அடி தட்டையாக, நேராக ஓடியது. மற்றது உளியால் வெட்டியது. ஒரு முனை ஆழம், மறுமுனை ஆழமில்லை, ஓரத்தில் இரும்பு பிதுங்கியிருந்தது. முந்திய காலத்தில் யாரோ ஒரு திருத்துநர் தன் வசதிக்கு வெட்டிய அடையாளம் அது. அவர் வேறு பம்பைப் பூட்டியபோது வெட்டியிருக்கலாம். நொசில் பழுதை மறைக்கச் சற்று முந்தவிட்டும் இருக்கலாம். அதை அழிக்கவும் வேண்டாம், அதை நம்பித் தொடங்கவும் வேண்டாம் என்றார்.

இளைஞர் பம்பை மெல்லிய கோட்டுக்கே நேராகப் பூட்டியிருந்தார். அதுவரை அவர் செய்தது சரி. ஆனால் வெளிக்கோடு பம்பின் உடல் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே தண்டு எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

பிளைவீலும் உச்சமும்

எஞ்சினும் கிளச் பெட்டியும் சேரும் இடத்தில், பக்கத்திலோ அடியிலோ, ஒரு சிறு தகட்டு மூடியைத் தேடுங்கள். சில இயந்திரங்களில் அது காணாமற்போய், சேறு அடைத்த ஓட்டை மட்டுமே இருக்கும். அதனூடாகப் பார்த்தால் பிளைவீலின் விளிம்பு தெரியும். விளிம்பில் ஓரிடத்தில் ரி.டி.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு கோடும் இருக்கும். முதலாம் பிஸ்ரன் உச்சத்தில் நிற்கும்போது அந்தக் கோடு ஓட்டையின் அடையாளத்துக்கு நேரே வரும். முதலாம் சிலிண்டர் என்பது ரேடியேற்றர் பக்கத்தில் உள்ளது.

தேடும்போது ஒருவர் கப்பியைச் சிறிது சிறிதாகச் சுற்ற, மற்றவர் சீலைத்துண்டால் விளிம்பைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். வெண்கட்டியை விளிம்பில் தேய்த்துவிட்டுத் துடைத்தால், பள்ளத்தில் நின்ற வெள்ளை எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். எங்களுக்கு அது நாலாவது சுற்றில்தான் தெரிந்தது. பதினான்கு வயது மகள்தான் கண்டாள். தன் நகப்பூச்சுக் கியூட்டெக்ஸைக் கொண்டு வந்து அந்தக் கோட்டில் தடவிவிட்டாள். எண்ணெயில் கரையாது, பெயின்றைவிட மெல்லியது. வயோதிபர் அந்தச் சிறு போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உச்சம் என்று ஒன்றைக் கண்டதும் அவசரப்படக்கூடாது. பிஸ்ரன் இரண்டு சுற்றில் இரு தடவை உச்சத்துக்கு வருகிறது. ஒன்று காற்றை நெருக்கும்போது, மற்றது புகையைத் தள்ளும்போது. எங்களுக்கு வேண்டியது முதலாவது. ரொக்கர் மூடியைக் கழற்றி முதலாம் சிலிண்டரின் இரு வால்வுகளையும் பாருங்கள். உச்சத்தில் ஒன்று மூட, மற்றது திறக்கத் தொடங்கினால் அது புகை தள்ளும் உச்சம். இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இரண்டும் மூடி, ரொக்கர்கள் விரலால் ஆட்டக்கூடியதாகச் சற்றுத் தளர்ந்திருந்தால் அதுவே நாம் தேடியது. நான்கு சிலிண்டர் எஞ்சின் வைத்திருப்போருக்கு இது இன்னும் எளிது. அதில் நாலாவது சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் ஒன்று மூட ஒன்று திறக்க அசைந்தால், முதலாவது நெருக்கும் உச்சத்தில் நிற்கிறது. மூன்று சிலிண்டரில் அப்படிச் சோடி கிடையாது.

பிளைவீல் எழுத்தை அப்படியே நம்பலாமா? கிளச் வேலைக்காக யாராவது அதைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டியிருந்தால், அல்லது வேறு எஞ்சினின் பிளைவீலைப் போட்டிருந்தால், எழுத்து பொய் சொல்லும். எமது பகுதிகளில் மூன்று இயந்திரத்தை உடைத்து ஒன்றாக்கிய காலமும் இருந்தது. சென்னையில் சிம்சன் நிறுவனம் பேர்கின்ஸ் உரிமத்துடன் செய்த எஞ்சின்களின் பாகங்களும் இங்கே கலந்துள்ளன. ஆகவே ஒருமுறை உண்மையான உச்சத்தை அளந்து பார்ப்பது நல்லது.

அளக்கும் முறை இதுதான். முதலாம் பிஸ்ரனை உச்சத்துக்கு அருகில் கொண்டு வந்து நிறுத்துங்கள். ரொக்கர் தண்டைக் கழற்றி, முதலாம் சிலிண்டரின் ஒரு வால்வின் சுருளை மட்டும் எடுங்கள். வால்வின் தண்டில் இறுக்கமான ஒரு றப்பர் வளையத்தை முதலிலேயே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்து, ஹெட்டைக் கழற்றும் வேலை வந்துவிடும். இப்போது வால்வு பிஸ்ரனின் தலையில் உட்கார்ந்திருக்கும். பிஸ்ரன் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். கராஜ்காரர் இதற்கு டயல் கேஜ் வைப்பார்கள். எங்களிடம் அது இல்லை. ஒரு கம்பித்துண்டை ஹெட்டின் போல்ட்டில் கட்டி, அதன் நுனியை வால்வுத் தண்டின் உச்சிக்கு நேராக வளைத்து வைத்தோம். கப்பிக்கு அருகிலும் இன்னொரு கம்பியை அசையாமல் கட்டினோம்.

உச்சத்துக்கு அருகில் பிஸ்ரன் அசைவது கண்ணுக்கே தெரியாது. எனவே ‘மிக உயர்ந்த இடம்’ என்று தேடினால் ஏமாறுவீர்கள். அதற்குப் பதில், வால்வு ஏறும்போது கம்பி நுனியைத் தொடும் இடத்தில் கப்பியில் ஒரு கோடு போடுங்கள். உச்சத்தைத் தாண்டி, இறங்கும்போது அதே உயரத்தில் கம்பி நுனியை விட்டு விலகும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவே உண்மையான உச்சம். உச்சத்துக்கு இரு பக்கமும் ஒரு 20 பாகைக்கு மேல் சுற்ற வேண்டாம். கம்பி வளைந்துவிடாமல், தொட்டும் தொடாமலும் இருக்கட்டும்.

நடுக்கோட்டைக் கப்பிக் கம்பிக்கு நேரே வைத்துவிட்டுப் பிளைவீல் ஓட்டையை எட்டிப் பார்த்தோம். கியூட்டெக்ஸ் கோடு நேரே நின்றது. பிளைவீல் பொய் சொல்லவில்லை.

பம்பின் யன்னல்

இந்த எஞ்சின்களில் இருப்பது பெரும்பாலும் சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. என்ற சுழல் பம்ப். உருண்டையான உடலும், அதன் பின்பக்கத்தில் சுற்றிவர நொசில் குழாய்களும் உள்ளது அது. அதன் பக்கத்தில் இரண்டு சிறு திருகாணிகள் பிடித்த ஒரு சிறிய மூடி இருக்கும். சுற்றுப்புறத்தைக் கழுவித் துடைத்த பின்னர்தான் அதைத் திறக்க வேண்டும். ஒரு மணல் போதும் பம்பைக் கெடுக்க. டீசல் வழியும், கீழே ஒரு சட்டியை வையுங்கள்.

உள்ளே சுழலும் வளையத்தில் சில கோடுகளும், கோடுகளுக்கு அருகில் ஆங்கில எழுத்துகளும் தெரியும். அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஒரு கம்பி வளையத்தின் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கும், அல்லது அதில் ஒரு கோடு இருக்கும். எஞ்சினின் முதலாம் சிலிண்டர், நெருக்கும் உச்சத்துக்கு முன் குறித்த பாகையில் நிற்கும்போது, குறித்த எழுத்தின் கோடு அந்த நுனிக்கு நேரே வர வேண்டும்.

எந்த எழுத்து, எத்தனை பாகை? இது எஞ்சினுக்கு எஞ்சின், பம்புக்குப் பம்ப் வேறுபடும். 35க்கு ஒன்று, 135க்கு வேறொன்று. ஒரே 35இலும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பம்பின் தகட்டிலுள்ள இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, திருத்தகக் கைநூல் வைத்திருப்பவரிடம் கேளுங்கள். ‘அவரின்ரை மெசினுக்கு இவ்வளவு, உன்ரையும் அதுதான்’ என்று சொல்வதைக் கேட்காதீர்கள்.

பாகையை அளக்க விசேட கருவி வேண்டியதில்லை. கப்பியைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளவுநாடாவில் வையுங்கள். 540 மில்லிமீற்றர் வந்தால் 360ஆல் பிரிக்க, ஒரு பாகைக்கு ஒன்றரை மில்லிமீற்றர். 18 பாகை வேண்டுமானால் உச்சக் கோட்டிலிருந்து 27 மில்லிமீற்றர் தள்ளிப் புதுக்கோடு. உங்கள் கப்பியின் அளவு வேறாக இருக்கும், கணக்கு இதுவே. கப்பி ஓடும் திசையில், புதுக்கோடு உச்சக் கோட்டுக்கு முன்னதாகக் கம்பியைக் கடக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கோட்டுக்குக் கொண்டு வரும்போது எப்போதும் ஓடும் திசையிலேயே வாருங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னே போய் மீண்டும் வாருங்கள். பற்களுக்கிடையேயுள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கமாக நிற்கும்.

நாங்கள் அப்படிக் கொண்டு வந்து யன்னலைப் பார்த்தபோது எழுத்துக் கோடு நுனிக்கு வந்து சேரவே இல்லை. சிறிது விலகியிருந்தால் பம்பின் நட்டுகளைத் தளர்த்தி உடலைத் திருப்பிச் சரிசெய்யலாம். பம்பின் துளைகள் அதற்காகவே நீளமாக இருக்கின்றன. தண்டு சுழலும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் டீசல் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். ஆனால் இது அந்தத் துளைகளுக்குள் அடங்கும் விலகல் அல்ல. வயோதிபர் நிமிர்ந்து, “ஒரு பல்லு” என்றார்.

பம்ப் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. பம்பின் பல்சக்கரத்துக்கு 60 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறினால் கிராங் தண்டில் 12 பாகை தவறும். வெள்ளைப் புகைக்கு அது போதும்.

சந்திக்காத புள்ளிகள்

மறுநாள் அந்த இளைஞரை அழைத்துவரச் சொன்னார் வயோதிபர். வீட்டுக்காரருக்கு அதில் விருப்பமில்லை. “அவன் இல்லாமல் முன் மூடியைக் கழட்டமாட்டன்” என்றார் பெரியவர். இளைஞர் வந்தார், தலையைக் குனிந்துகொண்டு மூடியைக் கழற்றினார்.

முன்னால் நான்கு பல்சக்கரங்கள்: கிராங் தண்டினது, நடுவில் இடைச்சக்கரம், வால்வுகளை இயக்கும் காம் தண்டினது, பம்பினது. ஒவ்வொன்றிலும் குறித்த பல்லில் புள்ளி குத்தியிருக்கும். பூட்டும்போது, முதலாம் பிஸ்ரன் உச்சத்தில் இருக்க, கிராங்கின் புள்ளி இடைச்சக்கரத்தின் புள்ளியோடும், இடைச்சக்கரத்தின் மற்றப் புள்ளிகள் காமினதோடும் பம்பினதோடும் சந்திக்க வேண்டும்.

“நான் மூடியைக் கழட்டி உச்சத்துக்குக் கொண்டந்து பாத்தனான் ஐயா. ஒரு புள்ளியும் சந்திக்கேல்லை. இன்னும் ரெண்டு தரம் சுத்திப் பாத்தனான். அப்பவும் இல்லை. ஆரோ பிழையாப் பூட்டியிருக்கினம் எண்டு நினைச்சு...” பம்பின் சக்கரத்தைக் கழற்றி, அருகில் வந்த புள்ளியோடு பொருத்திப் பூட்டியிருந்தார்.

அவர் சோம்பேறித்தனமாக எதையும் செய்யவில்லை. பார்த்தார், ஒப்பிட்டார், திருத்தினார். அவருக்குச் சொல்லப்படாமற்போனது ஒன்றேயொன்று. இடைச்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை மற்றவற்றோடு நேராகப் பொருந்துவதில்லை. உதாரணத்துக்கு, கிராங் சக்கரத்துக்கு 28 பல், காமுக்கு 56, இடைச்சக்கரத்துக்கு 63 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எல்லாப் புள்ளிகளும் சந்தித்தால், மறுபடி சந்திக்க கிராங் 18 தடவை சுற்ற வேண்டும். இடையில் வரும் உச்சங்களில் கிராங்கும் காமும் பம்பும் தத்தம் இடத்தில் சரியாகவே நிற்கும். இடைச்சக்கரத்தின் புள்ளிகள் மட்டும் வேறெங்கோ இருக்கும். புள்ளிகள் பூட்டும் நேரத்துக்காக இடப்பட்டவை. பூட்டியபின் எஞ்சினைச் சுற்றிவிட்டு அவற்றைத் தேடினால் பிழை இல்லாத இடத்தில் பிழை தெரியும். கைநூல்களில் இதை ஒரு வரியில் எழுதியிருக்கிறார்கள். வன்னியில் எத்தனை இளைஞர்களின் கையில் கைநூல் இருந்தது?

பெரியவர் சுற்றச் சொன்னார். மகள் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு எண்ணினாள். பதினோராவது சுற்றில் கிராங்கின் புள்ளியும் இடைச்சக்கரமும் காமும் ஒன்றாக வந்து நின்றன. பம்பின் புள்ளி மட்டும் ஒரு பல் விலகி நின்றது. இளைஞர் நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஸ்பானரை எடுத்தார்.

காம் சக்கரத்தைத் தொடாமல் விட்டிருந்தது பெரும் அதிர்ஷ்டம். அதில் பல் தவறியிருந்தால் முதல் ஸ்ராட்டிலேயே வால்வு பிஸ்ரனில் அடித்து வளைந்திருக்கும். பம்பை மீண்டும் பூட்டும்போது, தண்டும் சக்கரமும் ஒரேயொரு நிலையில்தான் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். இறுகினால் போல்ட்டை இறுக்கி உள்ளே இழுக்காமல், வெளியே எடுத்துத் தண்டைத் திருப்பிப் பார்த்து வையுங்கள்.

யன்னலைப் பார்த்தோம். எழுத்துக் கோடு நுனியில் நின்றது. வால்வின் சுருளைப் போட்டு, வால்வு இடைவெளியை மீண்டும் சரிசெய்து, புது டீசல் விட்டுக் குழாய்களின் காற்றை எடுத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. காற்று எடுக்கும்போது நொசில் பீச்சும் இடத்தில் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையை இழந்தவர்களும் உண்டு. மூன்றாம் தரம் ஸ்ராற்றரைப் போட்டபோது எஞ்சின் பிடித்தது. முதலில் வெள்ளையாக, பிறகு சாம்பலாக, பிறகு கண்ணுக்குத் தெரியாத புகை. பெரியவரின் கூலி அறுவடைக்குப் பின் இரண்டு மூடை நெல் என்று பேசிக்கொண்டார்கள். இளைஞர் தான் வாங்கியிருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்; அம்மா பாதியை மட்டும் வாங்கினார்.

அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் மகள் தன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: எஞ்சின் இலக்கம், பம்ப் தகட்டின் இலக்கம், யன்னலில் பார்த்த எழுத்து, பாகை, கப்பியின் சுற்றளவு. பம்ப் விளிம்பின் படம் கீறி, மெல்லிய கோட்டையும் உளிக் கோட்டையும் வேறு வேறாகக் காட்டியிருந்தாள். எஞ்சின் இலக்கத்தை எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பதிவுப் புத்தகம் தொலைந்துபோனவர்களுக்கு, இயந்திரம் தம்முடையது என்று காட்டக் கையில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

அந்த 35 ஆறு ஆண்டுகள் உழுதது. 2008இல் மீண்டும் பெட்டியோடு புறப்பட்டது, 2009இல் புதுக்குடியிருப்புக்கு அப்பால் விடப்பட்டது, திரும்பக் கிடைக்கவில்லை. உடுப்புப் பையோடு முகாமுக்குப் போன கொப்பி, 2010இல் அவர்களோடு முரசுமோட்டைக்குத் திரும்பி வந்தது. 2012இல் வவுனியாவில் இன்னொரு பழைய 35 வாங்கினார்கள். பம்ப் கழன்று சாக்கில் கிடந்ததால் மலிவாகக் கிடைத்தது. மகள் கொப்பியை எடுத்துப் பம்பின் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இலக்கம் வேறு. பழைய எழுத்து இதற்குப் பொருந்தாது. அவள் மண்ணெண்ணெய்ச் சட்டியையும் கம்பித் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வந்து பம்ப் விளிம்பைக் கழுவத் தொடங்கினாள்.